லாம்டாவா, டெஃப்பா? பைத்தானில் பெயரில்லாத ஃபங்ஷன்கள்

வரிப்புலி:
எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்லும் சார்ட் கீயைத் தவிர வேறெங்கும் லாம்டாவை, அதாவது பெயர் வைக்காமல் ஒரே எக்ஸ்பிரஷனாக எழுதும் ஃபங்ஷனை, அனுமதிக்கக் கூடாது; டெஃப் போட்டுப் பெயர் வைத்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி. எரர் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் ட்ரேஸ்பேக்கில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'லாம்டா' என்றுதான் நிற்கும். ஒரு ஃபைலில் இருபது இருந்தால் எது வெடித்தது?

அரைப்புள்ளி:
பக்கத்திலேயே லைன் நம்பர் இருக்கே! பைத்தான் 3.11-லிருந்து வரிக்குள் எந்த இடம் என்றே அடியில் குறி போட்டுக் காட்டுகிறது. ஒரே ஒரு தடவை பயன்படும் எக்ஸ்பிரஷனுக்குத் தனியாக டெஃப் எழுதி, பெயர் கிடைக்காமல் 'ஹெல்ப்பர்2' என்று வைத்து யாருக்கு என்ன லாபம்?

வரிப்புலி:
ட்ரேஸ்பேக் சரி, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கும் சிப்ரொஃபைல்? அது ஃபைல், வரி எண், பெயர் மூன்றையும் வைத்துத்தான் கணக்கு எழுதுகிறது. ஒரே வரியில் இரண்டு லாம்டா இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. வேரியபிளில் போட்டாலும் பெயர் ஒட்டாது. ஜாவாஸ்கிரிப்டில் ஆரோ ஃபங்ஷனை கான்ஸ்டில் போட்டால் அந்தப் பெயர் ஃபங்ஷனுக்கு வந்துவிடும், இங்கே வராது. பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8-ம் அந்த இடத்தில் டெஃப் போடு என்றுதான் சொல்கிறது.

அரைப்புள்ளி:
வேரியபிளில் போடுவது வீண் வேலை, அதில் சண்டையே இல்லை.

லூப்_மாமா:
பெயரை விடுங்க, லூப்பைப் பாருங்க. விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் பைக்யூட்டி லைப்ரரியில் மூன்று பட்டனை 0, 1, 2 என்று ஓடும் லூப்பில் உருவாக்கி, கிளிக்குக்கு லூப் வேரியபிளான 'ஐ'யைக் காட்டும் லாம்டா கொடுத்தால் மூன்றுமே 2 காட்டும். லாம்டா பிடித்து வைப்பது வேரியபிளை, அதன் அப்போதைய மதிப்பை அல்ல. கிளிக் பண்ணும்போது லூப் முடிந்து ஐ 2-ல் நிற்கிறது. எல்லோரும் சொல்லும் வைத்தியம், ஐ=ஐ என்று டிஃபால்ட் ஆர்க்யுமென்ட், அது அப்போதைய மதிப்பையே பிடித்து வைக்கும். அதே மாதிரி இன்னொரு லைப்ரரியான டிகின்டரின் பட்டனுக்கு அது போதும். பைக்யூட்டியில் கிளிக் சிக்னல் 'செக்டு' என்று ஒரு பூலியனையும் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) சேர்த்து அனுப்பும், அது நேரே ஐ-யின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இப்போது மூன்று பட்டனும் ஃபால்ஸ்! முதல் பாராமீட்டரைச் செக்டுக்கு விட்டுவிட்டு, இரண்டாவதாக ஐ=ஐ எழுதணும்.

வரிப்புலி:
இதைத்தானே நானும் சொல்கிறேன்.

அரைப்புள்ளி:
அவசரப்படாதீங்க. லூப்புக்குள் டெஃப் எழுதினாலும் அதே 2, 2, 2தான். தப்பு, வெளி வேரியபிளைப் பிடித்து வைக்கும் குளோஷரில்; பழி லாம்டா மேல். வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மல்டிபிராசஸிங்கிலும் இதே கதை. அந்தப் பிராசஸ்களின் கூட்டமான பூலின் மேப்புக்கு லாம்டா கொடுத்தால், அதை அடுத்த பிராசஸுக்கு அனுப்பும் பிக்கிளில் எரர், ஃபங்ஷனுக்குள் எழுதிய டெஃப்பைக் கொடுத்தாலும் எரர். பிக்கிள் கோடை அனுப்புவதில்லை. மாட்யூலில் தேடிக்கொள்ள ஒரு பெயரை மட்டும்தான் அனுப்புகிறது. அதனால் மாட்யூலின் மேல்மட்டத்தில் டெஃப் இருக்கணும்.

வரிப்புலி:
அங்கேயாவது டெஃப் வேண்டும் என்கிறீர்களே, மகிழ்ச்சி. ஆனால் லாம்டாவுக்குள் எரரைப் பிடிக்கும் ட்ரை எழுத முடியாது. சில ரெக்கார்டில் விலை 'நன்' (None) என்று காலியாக இருந்தால் சார்ட்டே டைப்எரரில் விழும். அப்போது?

அரைப்புள்ளி:
ட்ரை எதற்கு? கீ ஒரு டூப்பிளைத் திருப்பட்டும்: முதலில் 'விலை நன்தானா', அடுத்து விலை. காலியானவை கடைசிக்குப் போய்விடும், நன்னும் எண்ணும் நேருக்கு நேர் மோதாது. ஒரே வரி.

லூப்_மாமா:
மொத்தத் தடை வேண்டாம். கோடில் தப்பு தேடும் லின்ட்டரான ரஃப்பில் ஈ731, பி023 என்ற இரண்டு விதிகளைப் போட்டால் போதும். முதலாவது வேரியபிளில் போட்ட லாம்டாவைப் பிடிக்கும். இரண்டாவது, லூப் வேரியபிளை ஐ=ஐ போலக் கட்டாமல் விட்டால் லாம்டாவோடு டெஃப்பையும் சேர்த்தே பிடிக்கும். பைக்யூட்டி ஃபால்ஸ் மட்டும் இரண்டுக்கும் சிக்காது, அதை ரிவியூவில் கண்ணால்தான் பார்க்கணும்.