மைலேஜ் 17-லிருந்து 14.4-க்கு இறங்கிவிட்டது, கன்வெர்ட்டரை வெட்டி எடுக்கலாமா?

கரூர்க்காரன்:
வணக்கம். என்னுடையது 2015-இல் வாங்கிய பெட்ரோல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரம் மூன்று நாள் ஈரோடு போய் வருகிறேன். இரண்டு மாதம் முன்புவரை லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி இப்போது 14.4 தருகிறது. டேஷ்போர்டு காட்டும் எண் அல்ல. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி மூன்று முறை போட்ட கணக்கு. பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது என்றார்கள். புதிது 28,000 ரூபாயாம். வேண்டாமென்றால் வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்துத் தருகிறோம், மைலேஜும் கூடும் என்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. வெட்டலாமா?

வேகப்பிரியன்:
தாராளமாக வெட்டுங்கள். தடை இல்லாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சுவிட எளிது. நான் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டு இரண்டு வருடமாகிறது, சத்தமே தனி!

ஸ்பேனர்சாமி:
சத்தம் தனிதான். மைலேஜ் எவ்வளவு கூடியது என்று சொல்லவில்லையே தம்பி?

நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டர் சாதாரண ஓட்டத்தில் எஞ்சினைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அதை வெட்டிவிட்டால் புகைச் சோதனையில் தேறுவது கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கரூர்க்காரரே, கன்வெர்ட்டர் உண்மையிலேயே அடைத்திருந்தால் மைலேஜுக்கு முன்னால் இழுவை போய்விடும். மேட்டில் மிதித்தால் எஞ்சின் திணறும், வேகம் ஏறவே ஏறாது. உங்களுக்கு அப்படி இருக்கிறதா? இன்னொன்று: காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று ஏதாவது கேட்கிறதா?

கரூர்க்காரன்:
இழுவையில் குறை இல்லை ஐயா. நெடுஞ்சாலையில் 100-ஐச் சுலபமாகத் தொடுகிறது. டிக் டிக் கேட்கிறது! ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். டேப்பெட் (வால்வுப் பகுதி) சத்தம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்பேனர்சாமி:
பலரும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த்தொகுதிதான் மேனிஃபோல்டு. அது எஞ்சின் தலையோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட்டில் (அடைப்புத் தகட்டில்) புகை கசிந்தாலும் இதே சத்தம்தான் வரும். சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கை ஓரளவு அடைப்பதால் சத்தம் அடங்குகிறது.

புகை வெளியே போனால் பெட்ரோல் ஏன் கூடுதலாகச் செலவாக வேண்டும் என்று கேட்பீர்கள். குழாயில் புகை ஒரே சீராக ஓடுவதில்லை, சிலிண்டருக்கு ஒரு துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடத் தாழும்போது, அதே இடுக்கு வழியாகக் காற்று உள்ளே நுழையும். சற்றுத் தள்ளி இருந்து புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சருக்கு அது வெளிக்காற்று என்று தெரியாது. எஞ்சினில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற அளவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். கசிவு சென்சரைத் தாண்டிச் சைலன்சர் பக்கம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. காது மட்டும்தான் வலிக்கும்.

ஸ்கேனர் மாட்டி, நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் என்ற வரியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்று அது காட்டும். 5 சதவீதம் முன்பின் இருந்தால் கவலையில்லை. பிறகு எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, டெயில் பைப்பை ஒருவர் தடித்த ஈரத்துணியால் சில நொடி மூடட்டும். கசிவு இருந்தால் பானெட்டுக்குள் உஸ்ஸென்று கேட்கும். அதுவரை ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

கரூர்க்காரன்:
பார்த்துவிட்டேன். வண்டி நிற்கும்போது ஐடிலில் பிளஸ் 19, நெடுஞ்சாலையில் ஓடுவதுபோல் எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்தால் பிளஸ் 9. துணி வைத்ததும் உஸ் சத்தம் தெளிவாகக் கேட்டது. வெப்பத்தடுப்புத் தகட்டைக் கழற்றினால், ஓர் ஓரத்தில் விசிறி மாதிரி கரி படிந்திருக்கிறது. அங்கே மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (திருகுக் கம்பி) முறிந்து, நட்டோடு காணாமலே போயிருக்கிறது.

ஸ்பேனர்சாமி:
பிடிபட்டது. ஸ்டட், கேஸ்கெட் இரண்டையும் மாற்றுங்கள். மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று நேர்கோலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் புதுக் கேஸ்கெட்டும் சீக்கிரம் ஊதிவிடும். வேலை முடிந்ததும் பழைய ட்ரிம் பதிவை அழிக்க மறக்க வேண்டாம்.

கணக்குவாத்தியார்:
ஒரு சின்னச் சந்தேகம். நெடுஞ்சாலை ஓட்டத்தில் 9 சதவீதம்தான் கூடுதல் என்றால் 17 என்பது 15.6-க்குத்தானே இறங்க வேண்டும்? 14.4 எப்படி வந்தது? இன்னொரு திருடனும் உள்ளே இருக்கிறான். டயர் காற்று, பிரேக், எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் மூன்றையும் பாருங்கள்.

கரூர்க்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வேறு பட்டறையில் ஸ்டட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். மேனிஃபோல்டு வளையவில்லை. ட்ரிம் இப்போது பிளஸ் 2. ஆனால் முதல் டேங்கில் 15.7 தான் வந்தது. வாத்தியார் சொன்னது நினைவுக்கு வர, ஈரோட்டில் இறங்கியதும் நான்கு சக்கரங்கள் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தேன். வலது பின்சக்கரம் மட்டும் அனலாக இருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி முழுதாக விடாமல் பிடித்திருக்கிறது. அதை மாற்றியபின் 16.8. கன்வெர்ட்டர் அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

வேகப்பிரியன்:
சாமி அண்ணா, என் வண்டியிலும் காலையில் டிக் டிக் கேட்கிறது. ஃப்ரீ ஃப்ளோ சத்தத்தில் இத்தனை நாள் கவனிக்கவில்லை. அதே துணிச் சோதனைதானா?