இடிக்கப்போற பழைய மில்லுக்குள்ள போய்ப் பார்க்க முடியுமா?

எங்க வீட்டுப் பக்கம் (கோயம்புத்தூர்) ஒரு பழைய ஸ்பின்னிங் மில்லு, மூடி பல வருஷம் ஆச்சு, அடுத்த மாசம் இடிக்கிறாங்களாம். எங்க தாத்தா அங்கதான் ரிங் ஃப்ரேம்ல (நூல் நூற்கிற மெஷின்) வேலை பார்த்தாரு, அந்த மில்லு சங்கு சத்தத்துலதான் தெருவே எந்திரிக்கும்னு அம்மா சொல்வாங்க. அதுக்குள்ள நாலு போட்டோவாச்சும் எடுக்கணுங்க, எப்படிப் போறது?

பதில் 1:
சுவரேறிக் குதிச்சு மட்டும் போயிராதீங்க. வாட்ச்மேன்கிட்ட ஓனர் நம்பர் வாங்கி, தாத்தா கதையைச் சொல்லி பர்மிஷன் கேளுங்க, மனசு இறங்குவாங்க. தனியா வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு உடைஞ்சு கிடந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா வெளியவே வராது, துணி மாஸ்க் எல்லாம் பத்தாது.

பதில் 2:
கூரையை அவசியம் எடுங்க! ரம்பப் பல்லு மாதிரி இருக்கும், கண்ணாடி எல்லாம் வடக்குப் பார்த்து, நேர் வெயில் விழாம நாள் முழுக்க சீரான வெளிச்சம் வர்றதுக்காக அப்படிக் கட்டினது. 1930கள்ல நீலகிரி பைகாரா நீர்மின் நிலையத்துல இருந்து கரண்ட் வந்தப்புறம் நம்மூர்ல மில்லுங்க மளமளன்னு பெருகுச்சு, உங்களுதும் அந்தக் காலத்துதா?

பதில் 3:
நான் சென்னை பெரம்பூர்க்காரன். 1918-ல மெட்ராஸ் லேபர் யூனியன்ங்கிற தொழிற்சங்கம் உருவானதே எங்க பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில்லு தொழிலாளிங்களை வச்சுத்தான், அந்தக் கட்டடத்தை ஒரு போட்டோ கூட எடுக்காம விட்டுட்டேன், இன்னும் மனசு ஆறல. முடிஞ்சா தாத்தாகூட வேலை பார்த்தவங்க யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க, எந்த மெஷின் எங்க நின்னுச்சுன்னு அவங்க சொல்றதை ரெக்கார்ட் பண்ணுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. பக்கத்துத் தெருவுல ஒரு தாத்தா இருக்காரு, நாளைக்கே கேட்கறேன்.