பொருள்: கன்சூமர் யூனிட்டுக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

லண்டன், மின்பணியாளர்:
வணக்கம். ஈஸ்ட் ஹாம் தமிழ் வீட்டுக்காரர்களுக்கான துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 2016 ஜனவரி 1 முதல் இங்கே வீடுகளில் புதிதாகப் பொருத்தும் கன்சூமர் யூனிட்டின் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) கூடு எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். இல்லையேல் அப்படிப்பட்ட அலமாரிக்குள் அடங்க வேண்டும். பிரிட்டனின் மின்கம்பி அமைப்புத் தரநிலையான பி.எஸ். 7671-இன் விதி இது. 'நுகர்வோர் அலகு', 'எரியாப் பொருள்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

சென்னை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எரியாப் பொருள் சரி. செல்லாக் காசு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். ஆனால் தம்பி, அலகு வேண்டாம். பறவைக்கு மூக்கு அது, பக்தர் கன்னத்தில் குத்துவதும் அதுவே, யாப்பில் அலகிடுகிறோம். அலகும் அகலும் எழுத்து இடம்மாறிப் பிறந்த உடன்பிறப்புகள் என்பது என் நெடுநாள் கருத்து. அகலில் ஏற்றுவது தீ. தீயைத் தடுக்கும் பெட்டிக்கா அந்தப் பெயர்?

டொராண்டோ, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அகலை அணைத்துவிட்டு வாருங்கள். 'எரியா' என்றதும் எனக்கு ஈர விறகுதான் நினைவுக்கு வருகிறது. 'எளிதில் தீப்பற்றாத' போதாதா?

லண்டன்:
போதாது அக்கா. பழைய பிளாஸ்டிக் கூடுகளும், பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துத் தீப்பற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையில் தேறியவைதான். 'எளிதில்' என்று எழுதினால் அதையே மறுபடி வாங்கிவிடுவார்கள். போன மாதம் ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, தொங்கும் மேலங்கிகளை விலக்கிப் பெட்டியைப் பார்த்தேன். மெயினை நிறுத்தி மூடியைக் கழற்றினால், நியூட்ரல் கம்பிகளை இணைக்கும் கட்டையில் ஒரு திருகு விரலுக்கே அரைச்சுற்று சுழன்றது. அதன் பின்னால் பிளாஸ்டிக், தீய்ந்த அப்பளம் போலப் பழுப்பேறிக் கிடந்தது. தளர்ந்த இணைப்பு சூடேறித்தான் கூடு பற்றுகிறது. எரியாத பொருள் எது என்று விதியும் வரையறுக்கவில்லை. உருக்கை எடுத்துக்காட்டாகச் சொல்லி நிறுத்திவிட்டது.

மதுரை, பாலிடெக்னிக் ஆசிரியர்:
அப்படியானால் 'இரும்புப் பெட்டி' என்றே எழுதுங்கள். மாணவருக்கும் புரியும்.

டொராண்டோ:
இரும்புப் பெட்டியில் நகையல்லவா இருக்கும்?

சென்னை:
எஃகு என்க. வேலுக்கும் அதுவே பழம்பெயர்.

லண்டன்:
எங்களுக்கு உருக்குதான் ஐயா.

மதுரை:
உள்ளே உருகி (ஃபியூஸ்), வெளியே உருக்கு. படிப்பவர் பெட்டியும் உருகும் என்றல்லவா நினைப்பார்?

லண்டன்:
இன்று வியாழன். தொலைபேசியில் எல்லாரும் 'மெயின் சுவிட்ச் பெட்டி' என்றுதான் கேட்கிறார்கள். எனவே: 'புதிய மெயின் சுவிட்ச் பெட்டியின் கூடு உருக்கு போன்ற எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும்.' பழைய பிளாஸ்டிக் பெட்டிகளை உடனே கழற்றியாக வேண்டும் என்று இந்த விதி சொல்லவில்லை, அதையும் சேர்த்துவிட்டேன். மூவர் சரி என்றால் அனுப்பிவிடுவேன்.

மதுரை:
சரி.

டொராண்டோ:
சரி. தூக்கம் வருகிறது.

சென்னை:
'மின்பகிர்வுப் பெட்டி' இருக்க 'மெயின்' அச்சேறுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்க. அகல் பற்றித் தனி மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.