வயல்ல ஆள் உயரத்துக்கு நின்ன பறவை, சாரஸ் கொக்கா?

போன வாரம் உத்தரப் பிரதேசத்துல ரயில்ல போறப்ப தண்ணி நின்ன வயல்ல ரெண்டு பெரிய பறவை பாத்தேன், உடம்பு சாம்பல், தலை சிவப்பு, ஆனா போட்டோ எடுக்கறதுக்குள்ள ரயில் தாண்டிருச்சு. சாரஸா, இல்ல ஏதாவது நாரையா?

பதில் 1: ஜோடியா இருந்துச்சுன்னா சாரஸ்தான்ங்க. தலையும் மேல் கழுத்தும் நல்ல சிவப்பு, உச்சந்தலை மட்டும் சாம்பல், கால் வெளிர் சிவப்பு. 6 அடி வரை வளரும், பறக்கற பறவைகள்லயே இதான் உயரம். அந்த மாநிலத்தோட பறவையும் இதுதான்.

பதில் 2: பெருங்கொக்கோட (Common Crane) குழப்பிக்காதீங்க, அது குளிர்காலத்துல கூட்டமா வரும், கழுத்து கருப்பு.

கேட்டவர்: ஒண்ணுக்கு தலை பழுப்பா இருந்த மாதிரி ஞாபகம்?

பதில் 1: அப்ப அது குஞ்சா இருக்கும், சிவப்பு அப்புறம்தான் வரும். அடுத்த தடவை பறக்கறப்ப பாருங்க, கழுத்த நேரா நீட்டிட்டுப் போகும், நம்ம குளத்து நாராயணப்பட்சி (சாம்பல் நாரை) கழுத்த மடக்கிக்கும். மரத்துலயும் உக்காராது, பின்விரல் மேல ஏறி இருக்கறதால கிளைய பிடிக்க முடியாது.

பதில் 3: குரல் கேட்டீங்களா? ஜோடி சேர்ந்து எக்காளம் ஊதற மாதிரி கத்தும், ஒருதடவ கேட்டா மறக்காது 😄