பிளஸ் டூ ரிசல்ட் வாரத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் இருப்பது கேரம் போர்டும் மைக் செட்டும்தான். ரிசல்ட் வாரத்தில் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்ய ஆசை. கூட்டம் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். வேறு வழி?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
மைக்கை விடுங்கள் தம்பி. ஃபெயிலான பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே இருவர் போங்கள். துணைத்தேர்வு இருக்கிறதே, விண்ணப்பிக்க உதவுங்கள். முகம் சரியில்லை என்றால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொருவர்:
வயக்காட்டு ஊரா? காட்டுமன்னார்கோவில் பக்கம் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகா அமைப்பு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பேங்க் லாக்கர் மாதிரி பொது அறையில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தது.

கேட்டவர்:
நெல்லூர்க்காரன் இல்லை, நெல்லு விளையும் ஊர்க்காரன்தான் அண்ணே! சங்கக் கட்டடத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. தலைவரிடம் சாவி கேட்கிறேன்.