மறுமொழி: கடைசலில் ‘கேட்ச்’ – ‘உளிப்பறி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

சமூக மன்றத்தில் நடக்கவிருக்கும் கடைசல் வகுப்புக்கான (கட்டையைச் சுழலவிட்டு உளியால் சீவி உருவாக்கும் வேலை) கையேட்டில் மற்றச் சொற்களெல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. சுழலும் மரம் உளியைத் திடீரென இழுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ (catch) என்கிறார்களே, அதற்கான தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் இழுபறியில் நிற்கிறது. மேசையில் வைக்கும் பேனாத் தாங்கி ஒன்றைக் கடைய வருகிறவர்களுக்கு முதல் நாளே தேவைப்படும் சொல் இது. ‘கேட்ச்’ என்றே விட்டுவிடலாம் என்ற நண்பருக்கு ஒன்று சொல்கிறேன்: தமிழர் பத்துப் பேரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் பத்துப் பேரும் கிரிக்கெட்டைத்தான் நினைப்பார்கள்.

பட்டறைப் பழக்கம் இல்லாதவர்களுக்காக, நடப்பது என்னவென்று முதலில் எழுதிவிடுகிறேன். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. உளியின் வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, எதிரே மரம் நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி வந்துகொண்டிருக்கிறது. சாய்வாய் உளியை (வாய் சாய்வாக அமைந்த உளி, skew chisel) சரியாகப் பிடித்திருந்தால் அதன் உடல் உளித்தாங்கியில் அமர்ந்திருக்கும், வாய்க்குப் பின்னுள்ள சரிவு மரத்தின்மேல் படிந்திருக்கும், வாயின் நடுப்பகுதியோ அதற்குச் சற்றுக் கீழோ சீவிக்கொண்டு போகும். சீவல் சுருள் சுருளாக விழும்.

மணிக்கட்டு சற்றுத் திரும்பினால் போதும், உளியின் மேல்முனை மரத்தில் பட்டுவிடும். அந்த முனைக்கு நேர் கீழே தாங்கும் இடம் இல்லை. மரம் முனையைக் கீழே தள்ளுகிறது, உளி திருகிக்கொள்கிறது, திருகியதால் இன்னும் ஆழமாக இறங்குகிறது, ஆழமாக இறங்கியதால் இன்னும் வலுவாக இழுபடுகிறது. கை அதை உணர்ந்து பின்வாங்க ஐந்தில் ஒரு நொடிதான் ஆகும் என்றாலும், அதற்குள் கட்டை ஐந்து முறை சுற்றிவிட்டிருக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக்கும் கேட்கும். நிறுத்திப் பார்த்தால் வழவழப்பான பரப்பில் சுருளாக ஒரு வெட்டு ஓடியிருக்கும். பிடிமானம் குறைந்த கட்டையாக இருந்தால் அதைப் பிடித்திருக்கும் ‘சக்’ (chuck) என்ற பாகத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்கும். முகக்காப்பு இல்லாமல் யாரையும் இயந்திரத்தின் பக்கமே விடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

இனி, வந்த பரிந்துரைகள். ‘உளிப்பதிவு’ வேண்டாம், உளியை எங்கோ போய்ப் பதிவு செய்துவிட்டு வந்ததைப் போல இருக்கிறது. ‘பிய்ப்பு’ நல்ல சொல்தான், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. நாம் வகுப்புக்கு எடுத்துவைத்திருப்பது சாலையோரத்தில் வெட்டப்பட்ட அங்சானா. வேங்கைக்கு இனமான மரம். அதன் ரேகை, அதாவது நாரோட்டம், முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும். எதிர்ரேகையில் சீவும்போது நார் பிய்ந்து பரப்பு சொரசொரப்பாகிவிடும். அதுதான் பிய்ப்பு. உளி கையிலிருந்து கொஞ்சமும் பிசகாமலே அது நேரலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், உளியைத் தீட்டச் சொல்ல வேண்டிய இடத்தில் பிடியை மாற்றச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஐயா முன்மொழிந்த ‘உளிக்கவ்வு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் கட்டையைப் பிடிக்கும் ‘சக்’ என்பதைக் கலைச்சொல் பட்டியல்களில் ‘கவ்வி’ என்றுதான் எழுதி வருகிறார்கள். ‘கவ்வி கவ்வியிருக்கும்போது உளிக்கவ்வு நேர்ந்தால்’ என்று ஒரு வாக்கியத்தை அச்சில் பார்க்க எனக்குத் துணிவில்லை. ‘உளித் தடுமாற்றம்’ என்பதோ பழியை முழுக்கக் கையின்மேல் போடுகிறது. கை தொடங்கி வைப்பது ஒரு மயிரிழைதான். மீதியைச் செய்வது சுழலும் மரம்.

ஆகவே ‘உளிப்பறி’ என்று முன்மொழிகிறேன். வழிப்பறி போல உளிப்பறி. மரம் உளியைப் பறிக்கிறது. பறித்தலுக்குத் தோண்டுதல் என்றும் பொருள் உண்டு. குழி பறிக்கிறோம் அல்லவா? மரம் உளியைப் பறித்தது, உளி மரத்தில் குழி பறித்தது. நிகழ்ச்சிக்கும் அது விட்டுப்போன தழும்புக்கும் ஒரே சொல் பொருந்திவிடுகிறது. உளி எழுவாயாக நிற்கும்போது ‘ப்’ மிகாதே என்று இலக்கணம் தெரிந்த நண்பர்கள் கேட்கக்கூடும். உளியைப் பறித்தல் என்ற வேற்றுமைத் தொகையாகவே சொல்லை ஆக்கியிருக்கிறேன். குழி பறிக்கும் பொருள் அதன் நிழலில் வரட்டும்.

‘யார் இதையெல்லாம் சொல்லப்போகிறார்கள்?’ என்று கேட்டவருக்கு: வீவக, மசேநிதி (மத்திய சேம நிதி), உணவங்காடி நிலையம் என்று இங்கே சிங்கப்பூரில் நாம் எழுதுகிறோம், வாசிக்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. சொல் அச்சிலும் வாயிலும் அன்றாடம் புழங்கினால் நின்றுவிடும்.

இன்னொன்று. ஒருவர் கயிறு இழுக்க மற்றவர் கடையும் பழைய கடைசலில் கட்டை முன்னும் பின்னுமாகச் சுற்றும். உளி சிக்கினால் இழுக்கிறவர் கைக்கு உடனே தெரிந்துவிடும், அவர் நிறுத்திவிடுவார். மோட்டாருக்கு அந்த இங்கிதம் கிடையாது. அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமான் கடையும் பட்டறைகளோடு பழக்கமுள்ளவர்கள் குழுவில் இருந்தால், அங்கே இதற்கு வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பட்டறைச் சொல் ஒன்று கிடைத்தால் என் சொல்லை நானே எடுத்துவிடுகிறேன்.

அதுவரை கையேட்டில் இப்படிச் சேர்க்கலாம் என்பது என் கருத்து:

உளிப்பறி – கடையும்போது உளியின் சரிவு மரத்தை விட்டு விலகி, தாங்கலில்லாத முனையோ வாயோ மரத்தில் பட்டு, சுழலும் மரம் உளியைத் திடீரென இழுத்துக்கொள்வது. அதனால் ஏற்படும் வெட்டு. வினையாக: ‘மரம் உளியைப் பறித்துவிட்டது.’

‘சாய்வாய் உளி’, ‘உளித்தாங்கி’, ‘சரிவு’ மூன்றுக்கும் மறுப்பு வரவில்லை, ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். ‘சக்’ என்பதைக் ‘கவ்வி’ என்பதா, ‘சக்’ என்றே விடுவதா என்பதை ஐயா முடிவு செய்து சொன்னால் கையேட்டை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.