சனிக்கிழமைக் கச்சேரிக்கு பேஸ் கிட்டார் யார் வாசிப்பது?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

வியாழன்

பெரியப்பா, காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு தம்பி வண்டியிலிருந்து விழுந்ததில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நாளை மறுநாள் மாரியம்மன் கோயில் கச்சேரி இருக்கிறது, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அவன் வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு என்ன ஏற்பாடு என்று இன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அத்தை, காலை 6.44
ஐயோ, வலி எப்படி இருக்கிறது?

சித்தி, காலை 6.51
இரவு முழுவதும் தூங்கவில்லை, அக்கா. கை வலியைப் பற்றி ஒரு முறை சொன்னார் என்றால், கச்சேரியைப் பற்றிப் பத்து முறை சொன்னார்.

பெரியப்பா, காலை 7.02
கீபோர்டில் என் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இப்போது பல குழுக்களில் அப்படித்தான் நடக்கிறது. வெளி ஆளை அழைத்தால் மூவாயிரம் ரூபாய்க்குக் குறைந்து வரமாட்டார்.

அண்ணன், காலை 7.05
எனக்கு அது சரிப்படாது, அப்பா.

சித்தப்பா, காலை 7.48
அண்ணா, வலது கைக் கட்டைவிரலால் மட்டும் எழுதுவதால் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் பேஸ் ஒலி வரும் என்பது உண்மைதான். ஆனால் சனிக்கிழமைப் பட்டியலில் உள்ள 28 பாடல்களில் 19 இளையராஜா இசையமைத்தவை. அவர் பாடல்களில் மேலே ஒருவர் பாடிக்கொண்டிருக்க, கீழே பேஸ் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே நடக்கும். அவரிடம் பல ஆண்டுகள் வாசித்த சசிதரனின் விரல்களைக் காதால் தொடர்ந்து போய்த்தான் இருபத்தேழு வருடமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் இடது கை அந்த வேலைக்குப் போய்விட்டால், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடிப்பது யார், வயலின் பகுதியை வாசிப்பது யார்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேஸில் ஒரு ஸ்வரத்தைத் தொடங்குவதற்கு இருக்கும் அதே மதிப்பு அதை நிறுத்துவதற்கும் உண்டு. டிரம்ஸில் ஸ்நேர் அடி விழும் நொடியில் விரலைத் தளர்த்திக் கம்பியை அடக்கினால்தான் அந்த அடி பளிச்சென்று கேட்கும். பையன் 'சரிப்படாது' என்று சொல்வது இதைத்தான். நம் பாப்பா கோவையில் கல்லூரிக் குழுவில் இரண்டு வருடமாக வாசிக்கிறாள். அவளைக் கேளுங்கள்.

அத்தை, காலை 7.50
நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான், காலை 8.15
சித்தப்பா, முதலில் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வாசிக்க மிகவும் விருப்பம். வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நாளைக் காலை ஜன் சதாப்தி ரயிலில் புறப்பட்டால் மதியம் கும்பகோணம் வந்துவிடுவேன். ஆனால் 28 பாடல்களில் பன்னிரண்டுதான் எனக்குக் கை வந்தவை. அப்பாவும் சம்மதிக்க வேண்டும்.

அப்பா, காலை 8.31
படித்தேன்.

அத்தை, காலை 8.33
அந்த ஆம்ப்ளிஃபயரை விற்ற நாளிலிருந்து இவன் 'படித்தேன்' என்பதற்கு மேல் எதுவும் எழுதுவதில்லை.

பெரியப்பா, காலை 8.34
அந்தப் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.

சித்தப்பா, காலை 9.20
பாப்பா, நோட்டின் பக்கங்களைச் சித்தி படம் எடுத்து அனுப்புவாள். எண்கள் எல்லாம் எந்தக் கம்பியில் எந்தக் கட்டம் என்பதைக் குறிப்பவை. வட்டமிட்ட எண் என்றால் அந்த ஸ்வரத்தை முழு நீளத்துக்கு ஒலிக்க விட வேண்டும். முழுவதையும் மனப்பாடம் செய்ய முயலாதே. தெரியாத பதினாறில் முதலில் ஒவ்வொரு பாட்டிலும் கார்டுகளுக்கு ஆதாரமான அடி ஸ்வரங்களையும் உறுதி செய்துகொள், பிறகு பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் பேஸ் நடையை மட்டும் தனியாகப் பழகு. மேடையில் வழி தவறினால் அடி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு உன் அண்ணன் காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு நில். நடையைவிட அதுதான் பாட்டைக் காப்பாற்றும்.

நான், காலை 9.26
சரி, சித்தப்பா. அத்தை பாடும் பாடல்களின் சுருதியையும் சொல்லுங்கள்.

சித்தப்பா, காலை 9.31
நோட்டில் மூன்று கட்டை என்று இருக்கும். இப்போது இரண்டு கட்டை.

அத்தை, காலை 9.32
இரண்டரை என்று போன மாதம் பேசியதாக எனக்கு நினைவு.

பெரியப்பா, காலை 9.33
இரண்டுதான். போன கச்சேரியில் மேல் ஸ்தாயியில் நீ பட்ட சிரமத்தை நான் பார்த்தேன்.

அத்தை, காலை 9.33
அன்று எனக்குச் சளி பிடித்திருந்தது.

நான், காலை 9.40
இரண்டு கட்டை என்றால் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. என்னுடைய நான்கு கம்பி பேஸில் கடைசிக் கம்பியைத் திறந்து மீட்டினால் வருவதே மூன்று கட்டைதான், அதாவது 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஸ்வரமே கிடையாது. அத்தையின் பாடல்களில் கீழ் ஷட்ஜம் வரும் இடத்தில் எல்லாம் நான் ஒரு ஸ்தாயி மேலே ஏற வேண்டியிருக்கும்.

சித்தப்பா, காலை 10.05
சரியாகப் பிடித்துவிட்டாய். உனக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம், ஆனால் அடியில் கனம் போய்விடும். என் ஐந்து கம்பி பேஸை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது கம்பியில் மூன்றாம் கட்டத்தில் அந்த இரண்டு கட்டை உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான்கு கம்பியில் பழகிய விரல்கள் ஐந்து கம்பியில் போனதும் கம்பி மாறி மீட்டும், வேண்டாத கம்பியும் சேர்ந்து முனகும். ஒரே மாலையில் அது சரியாகாது. மூன்றாவது வழி, உன் கடைசிக் கம்பியை இரண்டு கட்டைக்குத் தளர்த்திக்கொள்வது. அப்போது அந்த ஒரு கம்பியில் மட்டும் எல்லா ஸ்வரமும் இரண்டு கட்டம் மேலே தள்ளிப்போகும். அத்தையின் பாடல்கள் ஆறும் அடுத்தடுத்து வந்தால், ஒரு முறை தளர்த்தி ஒரு முறை ஏற்றினால் போதும்.

பெரியப்பா, காலை 10.12
வரிசையை மாற்ற முடியாது. முதலில் அம்மன் பாடல்கள், பிறகு ஆண் குரல், பெண் குரல், ஜோடிப் பாடல் என்று கலந்து வந்தால்தான் கூட்டம் உட்காரும். ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கவும் நேரம் இல்லை.

அண்ணன், காலை 10.14
மூன்று மூன்றாகப் பிரிக்கலாம், அப்பா.

பெரியப்பா, காலை 10.20
யோசிக்கிறேன்.

சித்தி, காலை 10.22
ஒத்திகை எங்கே என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் வைத்தால் மதியத்துக்கு எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டிரம்ஸ் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அத்தை, காலை 10.24
பாட்டிக்குப் பேஸ் கேட்டால் தரை அதிர்கிறது என்றுதான் கோபம். டிரம்ஸ் அவருக்குப் பிடிக்கும்.

அண்ணன், காலை 11.02
சித்தப்பாவின் பேஸ் பெட்டி முப்பது கிலோ இருக்கும். அதை மாடியிலிருந்து இறக்கச் சித்தப்பாவாலும் முடியாது, வேனிலும் இடம் குறைவு. வீட்டில் சும்மா இருக்கும் சிறிய கிட்டார் ஆம்ப்ளிஃபயரை பேஸுக்கு வைத்துக்கொள்ளலாமா?

அப்பா, காலை 11.06
கூடாது. கிட்டார் பெட்டியின் ஸ்பீக்கர் பேஸின் கீழ் ஸ்வரங்களைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. மேடைக்கு வேண்டிய அளவு ஒலியைக் கூட்டினால் கோன் முன்னும் பின்னும் அளவுக்கு மீறி அடித்துக் கிழிந்துவிடும். 2009இல் என் பெட்டி அப்படித்தான் கிழிந்தது. பேஸ் ஆம்ப்ளிஃபயரை யாரிடமும் சொல்லாமல் விற்றுவிட்டு, அடுத்த வாரக் கச்சேரிக்குத் தம்பியின் பேஸை என் பெட்டியில் செருகச் சொன்னார்கள். அது நான் முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டி.

அத்தை, காலை 11.07
பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சித்தப்பா, காலை 11.30
செருகியது என் கை. அதை நான் மறக்கவில்லை, அண்ணா.

பாப்பா, பெட்டி இல்லாமலும் சமாளிக்கலாம். மைக் செட்காரரிடம் டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புக் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி, பேஸிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுத்துவிடு, நீ வாசிப்பது உனக்குக் கேட்க உன் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் போடச் சொல். அவரிடம் டிஐ இரண்டுதான் இருக்கும், கீபோர்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளும். பெரியப்பா ஒன்றை விட்டுத்தர வேண்டும். தெருக்கோடியில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களில் அடி ஒலி வராது. ஆனால் அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல் இழைகள் கேட்டாலே அடி ஸ்வரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும், அதனால் நடுத்தர ஒலியைக் கொஞ்சம் தூக்கி வை; வெறும் அடியை மட்டும் கூட்டினால் மேடைக்கு முன்னால் குமுறும், தெருவில் எதுவும் கேட்காது.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். அங்கே ஜெனரேட்டர் கரண்ட். மிக்சர் ஒரு லைனிலும் நம் பெட்டி வேறொரு லைனிலும் இருந்து, ஏதாவது ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், நீ கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதட்டை வைக்கும்போது ஷாக் அடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோயிலில் எனக்கு உதடு சுரீர் என்றது, அதோடு கோரஸ் பாடுவதை நிறுத்திவிட்டேன். 1972 மே மாதம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் விட்டார். ஆகவே சவுண்ட் பார்க்கும்போது முதலில் மைக்கின் வலையில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். உறுமல் வருகிறது என்று யாராவது பிளக்கின் எர்த் பின்னைக் கழற்ற வந்தால் விடாதே. உறுமலோடு வாசித்தாலும் பரவாயில்லை.

சித்தி, காலை 11.34
இதைப் படித்த பிறகு எனக்கு அவளை அனுப்பவே பயமாக இருக்கிறது.

நான், காலை 11.41
அதற்காகத்தான் சித்தப்பா சொல்கிறார், சித்தி. நான் கோரஸ் பாடப் போவதில்லை. கம்பி மாற்றி எட்டு மாதம் ஆகிறது, ஒலி மங்கிவிட்டது, இன்று மாற்றட்டுமா?

சித்தப்பா, காலை 11.58
இன்றே மாற்றினால் மாற்று, நாளைக்கு என்று தள்ளாதே. புதுக் கம்பி இழுபடும் வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்று. அந்த நான்கும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. இப்போது இருக்கும் 45-105 தடிமன் அளவையே வாங்கு, அளவு மாறினால் கழுத்தின் வளைவும் மாறிவிடும். மேடைச் சத்தத்தில் சுருதி சேர்க்கக் கிளிப் டியூனர் எடுத்து வா. கடைசிக் கம்பியை அது பிடிக்கவில்லை என்றால் பன்னிரண்டாம் கட்டத்தில் விரலை லேசாக வைத்து ஹார்மானிக் எழுப்பிக் காட்டு. மூன்று மணி நேரத்தில் விரலில் கொப்புளம் வரும், ஆகையால் மென்மையாக மீட்டி, ஒலியை மிக்சரில் கூட்டச் சொல்.

பெரியப்பா, பிற்பகல் 1.15
பாப்பா வாசிக்கட்டும். அத்தையின் பாடல்களை மூன்று மூன்றாக வைக்க முடியுமா என்று இரவு பார்க்கிறேன். டிஐ ஒன்று தருகிறேன், இரண்டு கீபோர்டையும் ஒரே லைனில் சேர்த்துக்கொள்வேன். அவளுக்கு என்ன கொடுப்பது என்பதைக் கச்சேரி முடிந்து பேசலாம்.

சித்தி, பிற்பகல் 1.17
கச்சேரி முடிந்து பேசலாம் என்று இவரிடமும் முன்பு பல தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

பெரியப்பா, பிற்பகல் 1.40
வெளி ஆளுக்குக் கொடுக்க நினைத்ததையே அவளுக்குக் கொடுக்கிறேன். நடுத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆம்ப்ளிஃபயரை விற்கும் முன் உங்கள் இருவரையும் நான் கேட்டிருக்க வேண்டும்.

நான், பிற்பகல் 2.05
சித்தப்பா, ஐந்து கம்பியையும் சனிக்கிழமை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நாளை ஒத்திகையில் இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

சித்தப்பா, பிற்பகல் 2.11
கொண்டு வருகிறோம். அதில் 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஜாக்கைச் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், ஒத்திகை முடிந்ததும் ஜாக்கை உருவிவிட வேண்டும். வருகிற வழியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்.

அப்பா, மாலை 5.50
ஜன் சதாப்தியில் இருக்கைக்கு மேல் உள்ள தட்டில் பேஸைப் படுக்க வை, கம்பிப் பக்கம் மேலே இருக்கட்டும். அதன்மேல் யாரும் பெட்டியைத் தூக்கி வைக்காமல் பார்த்துக்கொள். ரயில் பெட்டி எண்ணை அனுப்பு, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். தம்பி வீட்டு மாடியிலிருந்து அந்தப் பேஸ் பெட்டியை இறக்க அண்ணன் மகனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன், மாலை 5.52
வேனில் இடம்?

அப்பா, மாலை 5.53
என் காரில் வரும்.